ஐந்தாவது டேக்கில் அவள் சொன்னது

யோங்-ஹெ, தைபே
மார்ச் 28, 1998

சின்ன தோங்குக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே உறையோடு அடுப்பில் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அறுபத்திரண்டு வயதுக்காரியைச் 'சின்ன' என்று கூப்பிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அது நீயாகத் தெரியவில்லை. எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. முட்டி வலிக்கிறது, பல் கழன்று வருகிறது, கண் மட்டும் முன்போலவே.

விஷயத்துக்கு வருகிறேன். 'மழை நின்ற துறை' கிடைத்துவிட்டது. மூடிப்போன பழைய லேப் ஒன்றின் கிடங்கிலிருந்து நெகடிவை எடுத்திருக்கிறார்கள், திரைப்படக் காப்பகத்துக்காரர்கள். படம் பழுதில்லாமல் இருக்கிறது. ஒலிச் சுருள்தான் போயிற்று. டப்பாவைத் திறந்தபோது வினிகர் நாற்றம் அடித்ததாம், உள்ளே பிசின் மாதிரி ஏதோ இருந்ததாம். நவம்பர் விழாவில் திரையிட வேண்டும் என்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பதினைந்து வருஷமாக எவனும் கூப்பிடாத ஆளுக்கு இது போதாதா? வரவேற்பறை, சாப்பாட்டறை, காப்பிக்கடை, இந்த மூன்றையும் விட்டு வெளியே வராத படமெடுத்தவன் என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்களே, அதே ஆள்தான் நான். இப்போது 'இலக்கியக் காதல் படங்களின் மூத்த கலைஞர்' ஆகிவிட்டேன்.

படத்துக்குப் புதிதாகக் குரல் போட வேண்டும். ஷு மெங்-லான் என் எட்டுப் படத்தில் நடித்தாள். எட்டிலும் அவள் வாயிலிருந்து வந்தது உன் குரல். வேறு எவளாவது பேசினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள்.

வருவாயா?

லுவான் தே-ஷெங்


தைனான்
ஏப்ரல் 9, 1998

லுவான் டைரக்டருக்கு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

வர முடியாது. எட்டுப் படத்திலும் அவள் வாயிலிருந்து வந்தது என் குரல் என்று இப்போது எழுதுகிறீர்கள். எட்டில் ஒன்றிலாவது பெயர் ஓடும்போது 'தோங் ருய்-யுன்' என்று இருந்ததா? விளக்குத் தூக்கினவன் பெயர் இருந்தது. சாப்பாடு கொண்டுவந்த கடையின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "இவ குரல் அவளுதுன்னு ஜனங்க நம்பணும், சின்ன தோங், பொம்மைக்குப் பின்னாடி இருக்கற கையை யாராவது காட்டுவானா?" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

இருபத்தைந்து வருஷத்தில் உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு பழக்கூடை, என் வீட்டுக்காரர் இறந்தபோது. அதுவும் யாரோ எழுதிய அட்டையோடு.

இன்னொரு சங்கதியும் சொல்கிறேன். நான் இப்போதெல்லாம் போன் பேசுவதில்லை. போன மாதம் சிலிண்டர் வேண்டுமென்று கூப்பிட்டால் கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "அம்மா, நீங்க அந்த நடிகை மாதிரியே பேசறீங்களே... அவங்க செத்துப் பல வருஷம் ஆச்சே?" "ஆமாம்ப்பா, செத்துட்டேன், ஆனாலும் சமைக்கணுமில்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டு மணியைக்கூட அடிக்காமல் போய்விட்டார்.

படம் ஊமையாகவே ஓடட்டும். அவளுக்கும் அதுதான் நல்லது.

தோங் ருய்-யுன்


யோங்-ஹெ
ஏப்ரல் 20, 1998

சின்ன தோங்,

திட்டியதெல்லாம் சரி. பெயர் விஷயம் இந்த முறை நடக்கும், எழுத்தில் வாங்கிவிட்டேன். பழக்கூடை அட்டையை எழுதியது நான் இல்லைதான். மூன்று அட்டை எழுதிக் கிழித்துப் போட்டேன். பிறகு கடைக்காரியையே எழுதச் சொன்னேன்.

ஆனால் ஊமையாக ஓடட்டும் என்றாயே, அதைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். வாரத்தில் மூன்று நாள் காலையில் காப்பகத்துக்குப் போகிறேன். எடிட்டிங் மேசையில் சுருளை ஓட்டிக்கொடுத்துவிட்டு அங்கே வேலை செய்யும் பெண் போய்விடுகிறாள். நான் மட்டும் உட்கார்ந்து பார்க்கிறேன். சத்தம் இல்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது. படப்பிடிப்பில் கேமரா கடகடவென்று ஓடும், நான் கத்திக்கொண்டிருப்பேன். தியேட்டரில் உன் குரல் இருக்கும். இப்போதுதான் அவள் வாயை மட்டும் பார்க்கிறேன்.

என்ன செய்கிறாள் தெரியுமா? எண்ணுகிறாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் மாண்டரின் பேசினாலே செட்டில் சிரிப்பார்கள், மீன் வாடை அடிக்கும் மாண்டரின் என்பார்கள். அதனால், "நீ வாயை அசைச்சாப் போதும் கண்ணு, ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணு, மத்ததை சின்ன தோங் பாத்துக்குவா" என்று சொல்லி வைத்திருந்தேன். காப்பிக்கடையில் பிரியும் காட்சி, ஊரே அழுத காட்சி, அதில் ஏழு, எட்டு, ஒன்பது என்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் ஒன்பது என்கிறது.

கடைசி ஷாட்டில் மட்டும் அவள் எண்ணவில்லை.

கடல், இடுப்பளவு தண்ணீர், வெள்ளைக் கவுன். புத்தாண்டு ரிலீஸுக்காக டிசம்பரில் எடுத்தோமே, அது. ஐந்தாவது டேக். பாறைமேல் கேமராவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். அவள் நேராக என்னைப் பார்க்கிறாள். கதாநாயகனை இல்லை, என்னை. எதையோ சொல்கிறாள். வசனம் சின்னது: 'அடுத்த பிறவியிலும் இந்தத் துறையில்தான் காத்திருப்பேன்.' உதடு அதைவிட இரண்டு மடங்கு நேரம் அசைகிறது. காற்றில் எனக்கு அன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஊர்ப் பேச்சு எனக்கு எங்கே புரியும்? சீனாவில் ஷான்தோங்கிலிருந்து கப்பலேறி வந்தவன் நான்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பார்வையை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். நிலத்தில் நின்று சொல்ல முடியாததை அவள் தண்ணீரில் நின்று என்னிடம் சொன்னாள் என்று நம்பினேன். அதற்கப்புறம் நான் எடுத்த பத்தொன்பது படத்திலும் ஒவ்வொரு கதாநாயகியையும் ஏதாவது ஒரு தண்ணீர் ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். ஒருத்திக்கும் அந்தப் பார்வை வரவில்லை. வராதபோது தோற்ற மாதிரியும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

நீ உதட்டைப் பார்த்துப் பேசுகிறவள். உன் அம்மா தைனான்காரி, அதே பேச்சு பேசுகிறவள். அன்றைக்கு உனக்குப் புரிந்திருக்கும். அவள் என்ன சொன்னாள்?

லுவான்


தைனான்
ஏப்ரல் 27, 1998

டைரக்டருக்கு,

கேட்காதீர்கள்.

குரல் போடும் அறையில் ஒரு பழக்கம் உண்டு. உதட்டில் என்ன தெரிந்தாலும் வெளியே வந்து பேசக் கூடாது. காதல் காட்சியில் கதாநாயகன் கடன்காரனைத் திட்டிக்கொண்டிருப்பான். சாகிற அம்மா மதியத்துக்கு என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் மூடிவிடுவோம். மூடுவதுதான் எங்கள் வேலை. நன்றாகவே மூடினேன்.

உங்களுக்குப் பிடித்த மாதிரியே அது இருந்துவிட்டுப் போகட்டும்.

தோங்


யோங்-ஹெ
மே 4, 1998

சின்ன தோங்,

ஆக, உனக்குத் தெரியும்.

தயவுசெய்து சொல். எனக்கு இன்னும் எத்தனை காலம் இருக்கிறது? அவள் என்னை விரும்பினாள் என்று சொன்னால் நான் கர்வப்படப் போவதில்லை. வெறுத்தாள் என்றாலும் பரவாயில்லை. அந்த வாய் மறுபடி மறுபடி அசைவதைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. நேற்று பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் கண்ணாடியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். நான் நாலு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன்.

லுவான்


தைனான்
மே 12, 1998

டைரக்டருக்கு,

கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

உதடு பொய் சொல்லாது. அவள் முகத்தை நேராக வைத்துச் சொன்னாள். அதனால் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை. அவள் ஊர்ப் பேச்சில், நீங்கள் கூப்பிடும் ஷு மெங்-லானாக இல்லை, சூஆவ் துறைமுகத்து ஆ-தின்னாகச் சொன்னாள்:

"டைரக்டர், கால் மரத்துப்போச்சு. நிக்க முடியல. போதும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்மா, குளிருதே."

அவ்வளவுதான்.

நிலத்தில் நின்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பேச்சு பேசினால் கழுத்தில் பலகை மாட்டி நிற்க வைத்தார்கள். செட்டில் மாண்டரின் பேசினால் சிரித்தீர்கள். அவளுக்கு எந்தப் பேச்சில் சொல்ல முடியும்? கேமரா ஓடும்போது மட்டும்தான் அவள் வாயை யாரும் கவனிப்பதில்லை. யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததால்தான் சொன்னாள்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் நீங்கள் என்ன கத்துவீர்கள் என்பது இந்தத் தீவுக்கே தெரியும். "அருமை! இன்னொன்னு!"

தோங் ருய்-யுன்


யோங்-ஹெ
மே 16, 1998

பொய்.

நீ அப்போதே பொறாமைக்காரி. செட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன், உன் மானத்துக்காக. இறந்துபோனவள் வாயில் இன்னும் நீயே பேசிக்கொண்டிருக்கிறாய். தண்ணீரிலிருந்து அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு, "இன்னொன்னு எடுக்கணுமா டைரக்டர்?" என்று அவளேதான் கேட்டாள். இந்தக் காதால் கேட்டேன். வெளிச்சம் போய்விட்டதால்தான் ஆறாவது எடுக்கவில்லை.

காப்பகத்தில் வேறு ஒருத்தியைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். நீ வர வேண்டாம்.

லுவான் தே-ஷெங்


யோங்-ஹெ
ஜூலை 21, 1998

சின்ன தோங்,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை என்பதுதான் நிஜம். இப்போதும் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சந்தில் ஸாய் அம்மா என்று ஒருத்தி மீன் உருண்டை சூப் விற்கிறாள். கடலோரத்துக்காரி. இருபது வருஷமாக அவளிடம்தான் காலைச் சாப்பாடு. அவள் பேசும் மாண்டரின் எனக்குப் பாதி புரியும், என் ஷான்தோங் மாண்டரின் அவளுக்குக் கால்வாசி புரியும், கை காட்டிச் சமாளித்துக்கொள்வோம். போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். உன்னைப் பொய்க்காரி ஆக்கத்தான் போனேன், மறைக்கவில்லை.

லேப் டப்பாக்களில் கிடைத்த முதல் நான்கு டேக்கைக் காட்டினேன். "எண்ணிக்கிட்டிருக்கா வாத்தியாரே, இது என்ன படம், கணக்குப் பாடமா?" என்றாள். சிரித்தோம். பிறகு ஐந்தாவது. அவள் சிரிப்பு நின்றது. ஷாட் முடிவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். மேசையைத் தட்டி, "ஐயோ, இந்தப் பொண்ணு நிக்க முடியலங்கறா! கால் மரத்துப்போச்சாம்! யாராவது தூக்குங்களேன்! அங்க நிக்கற ஆம்பளைங்க எல்லாம் என்னத்தைப் பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கத்தினாள். காப்பகத்துப் பெண் ஓடிவந்தாள். நான் ஸாய் அம்மாவிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை, சின்ன தோங். ஒரு வார்த்தைகூட.

"அங்க நின்னது நான்தான்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் சூப் வாங்கப் போனேன். கிண்ணத்தை வைத்தாள், அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அதோடு போகவில்லை. அந்த ஷாட்டின் வெட்டி ஒதுக்கிய துண்டு தனி டப்பாவில் இருந்திருக்கிறது. நான் அவள் முகத்தோடு வெட்டிவிட்டிருந்தேன், அதற்குப் பின்னால் வருவது அது. அதையும் ஓட்டினார்கள். சொல்லி முடித்ததும் அவள் திரும்புகிறாள். கரையைப் பார்த்து இரண்டு அடி வைக்கிறாள். தோள் இறங்கிவிடுகிறது, அப்பாடா என்று வீட்டுக்குப் போகிற மாதிரி. அப்புறம் சட்டென்று நிற்கிறாள். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நிற்கிறாள். மெல்லத் திரும்புகிறாள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

படத்தில் சத்தம் இல்லை. ஆனால் அங்கே அவளை நிறுத்தியது எது என்று எனக்குக் கேட்டது. 'இன்னொன்னு!' என்ற என் குரல்தான். அந்த ஊமைத் துண்டில் என் குரல் மட்டும் கேட்கிறது.

இத்தனை வருஷம் அந்தச் சிரிப்பைத்தான் நான் சாட்சியாக வைத்திருந்தேன்.

இப்போது அவள் எல்லா இடத்திலும் பேசுகிறாள். குழாயைத் திறந்தால் பேசுகிறாள். புரியாத பாஷையில் பேசினவள், நீ மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகு புரிகிற பாஷையில் பேசுகிறாள். உன்மேல் வருத்தமில்லை.

லுவான்


தைனான்
ஆகஸ்ட் 2, 1998

டைரக்டருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசைமேல் வைத்திருந்தேன். "பாருங்கள், சொன்னேனே" என்று எழுத இத்தனை வருஷம் காத்திருந்தவள் நான். பேனாவை எடுத்தால் அது வரவில்லை. வேறொன்று வருகிறது.

பொறாமைக்காரி என்று எழுதினீர்கள். அது பொய் இல்லை.

ஆ-தின் வருவதற்கு முன், குரல் போடும் நாட்களில் எனக்காகப் பேரிக்காயைக் கல்கண்டு போட்டு வேகவைத்துத் தூக்கில் கொண்டுவருவீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "தொண்டைதான் என் படத்தோட உயிர்" என்பீர்கள். அவள் வந்த பிறகு தூக்கு நின்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்குப் பெண்டாட்டி இருந்தாள், எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனால் தூக்கு நின்ற நாள் எனக்குத் தெரியும்.

இப்போது தேதிகளைச் சொல்கிறேன், கேளுங்கள். ஐந்தாவது டேக் எடுத்தது செவ்வாய்க்கிழமை. புத்தாண்டு முன்னோட்டத்துக்கு அவசரம் என்று வெள்ளிக்கிழமையே அந்த ஷாட் குரல் அறைக்கு வந்தது. அன்றுதான் பார்த்தேன். பதினோரு தடவை ஓட்டச் சொன்னேன். நீங்கள் எட்டிப் பார்த்து, "என்ன சின்ன தோங், தொண்டை கட்டிடுச்சா?" என்றீர்கள். நான் வாயைத் திறந்தேன்.

சொல்லியிருக்கலாம். 'இவளுக்குக் குளிர் தாங்கவில்லை, மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள்' என்று ஒரே ஒரு வாக்கியம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் குளிரில் நின்றால் செத்தா போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்த வார்த்தையிலேயே நினைத்தேன். பிறகு, "ஒன்னுமில்ல டைரக்டர், இப்ப எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, 'அடுத்த பிறவியிலும் இந்தத் துறையில்தான் காத்திருப்பேன்' என்று உருகி உருகிப் பேசினேன். ஒரே டேக். நீங்கள்கூட இன்னொன்று கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தூரத்து ஷாட்களுக்காக அவளை மறுபடி கடலில் இறக்கினீர்கள். அதற்குப் பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது.

நீங்கள் பாஷை புரியாமல் செய்தீர்கள். நான் புரிந்துகொண்டு செய்தேன்.

படம் வந்தபோது சூஆவுக்குப் போய் அவள் அம்மாவுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் காட்சியிலேயே அந்த அம்மா தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாய் எங்க பொண்ணுது. பேசறது எவளோ!" யாரோ உஸ் என்றார்கள். படம் முடியும் வரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மூச்சு விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று. அந்த வருஷத்தோடு குரல் கொடுப்பதை விட்டேன்.

வருகிறேன். தேதி சொல்லுங்கள். ஒரே நிபந்தனை. கடைசி ஷாட்டில் அந்த வசனத்தை நான் மறுபடி பேச மாட்டேன். அவள் சொன்னதைத்தான் பேசுவேன்.

தோங் ருய்-யுன்


யோங்-ஹெ
ஆகஸ்ட் 11, 1998

சின்ன தோங்,

செப்டம்பர் 3, 4, 5.

காப்பகத்தில் சண்டை போட்டேன். 'வசனத்தை மாற்றினால் அது அதே படம் இல்லையே, ஐயா' என்றார்கள். 'அது என் படம், இத்தனை வருஷம் ஓடியதுதான் தப்பான படம்' என்றேன். ஸாய் அம்மா சொன்னதை அந்தப் பெண் கேட்டிருந்தாள் அல்லவா, அவள் எனக்காகப் பேசினாள். ஒத்துக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவாளர் வேறு தொல்லை. அந்தத் தேதி சந்திரக் கணக்கில் ஏழாம் மாதத்தில் வருகிறதாம், ஆவிகள் உலாவும் மாதத்தில் செத்தவள் வாய்க்குக் குரல் கொடுக்கக் கூடாதாம், ஒரு மாதம் தள்ளிப்போடலாமே என்கிறார். "தம்பி, நாம கூப்பிடத்தானே போறோம்! கதவு திறந்திருக்கற மாசத்துல கூப்பிட்டாத்தானே வருவா?" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் பழமும் பிஸ்கட்டும் வைத்து ஊதுபத்தி கொளுத்த அனுமதி கேட்டார். கொடுத்தேன். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் கிண்டல் செய்திருப்பேன். இந்த முறை நானே போய்ப் பழம் வாங்கி வந்தேன்.

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்பது தெரிகிறது. உன்னைத் தேற்றினால் என்னையும் சேர்த்துத் தேற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு நமக்கு உரிமை இல்லை.

லுவான்


யோங்-ஹெ
செப்டம்பர் 8, 1998

சின்ன தோங்,

சொல்லாமல் ரயிலேறிவிட்டாய். மேசைமேல் தூக்கு காலியாக இருந்தது, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாய். கல்கண்டு அதிகமாகிவிட்டது என்று எனக்கே தெரியும், பெண்டாட்டி போன பிறகு சமையலில் கை நிதானம் இல்லை.

முதல் இரண்டு நாள் நீ பேசப் பேச எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குரலில் கிழவி இருக்கிறாள்தான், ஆனால் கண்ணை மூடினால் இல்லை. ஒவ்வொரு முறையும் 'இன்னொன்னு' என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ கவனித்திருப்பாய்.

மூன்றாம் நாள் விஷயத்தை எழுத வேண்டும். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. கடைசி ஷாட், ஒதுக்கிய துண்டோடு சேர்த்து ஓடியது. நீ பேசினாய். கால் மரத்துப்போச்சு என்றாய். 'போதும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க' என்றாய். மாண்டரின் பேசும்போது இருக்கிற மெருகெல்லாம் போய், மீன் சந்தையில் நிற்கிற சின்னப் பெண் பேசுகிற மாதிரி இருந்தது. ஒலிப்பதிவாளர் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். ஏசி குளிராக இருந்தது என்று அவர் பிறகு சொன்னார். ஏசி ஓடவில்லை.

அவள் திரும்பினாள். இரண்டு அடி வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, இதோ இப்போது நிற்கப் போகிறாள், இப்போது என் குரல் வரப்போகிறது என்று. எழுந்தேன். மைக் பட்டனை அமுக்கினேன். ஸாய் அம்மாவிடம் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டுப் பழகி வைத்திருந்தேன், அவள் பாஷையில். உச்சரிப்பு படுமோசம்.

"போதும்" என்றேன்.

அதைத்தான் நீ கேட்டாய். நீ திரும்பிப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, தெரியாது. உனக்குத் தெரியாதது இதுதான். நேற்றுக் காலை எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து அந்தத் துண்டை நானே வெட்டினேன். அவள் இரண்டாவது அடி வைக்கும் இடத்தில். நிற்பதற்கு முன்னால். திரும்பிச் சிரிக்கிற பகுதியை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். படம் இப்போது அங்கேதான் முடிகிறது, அவள் கரைக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

திரையிடும் அன்று நான் வரப்போவதில்லை. அவள் அம்மாவைக் கூட்டிவர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எண்பத்து மூன்று வயதாம். அவர் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நீ போ.

லுவான்


தைனான்
நவம்பர் 24, 1998

டைரக்டருக்கு,

போனேன். திரையில் என் பெயர் வந்தது. பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை. இந்த முறை பின் வரிசை இல்லை. நான் யார் என்று முதலிலேயே சொன்னேன். "உங்க பொண்ணு வாயில பேசினவ நான்தாம்மா." கேட்டுக்கொண்டார். கையைத் தடவிப் பார்த்தார். கண்ணில் புரை, இரண்டிலும். வெளிச்சம் அசைவது மட்டும் தெரியுமாம்.

இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மாண்டரின் அவருக்கு இன்றும் புரியாது. கடைசி ஷாட் வந்தது. அவள் பாஷை வந்ததும் என் கையைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தார். 'அம்மா, குளிருதே' என்றதும், அவர் சத்தமாக, திரையைப் பார்த்து, "வா தாயி, வந்துடு" என்றார். முன்பு உஸ் என்ற மாதிரி யாரும் உஸ் என்று சொல்லவில்லை.

பிறகு உங்கள் குரல் வந்தது. அதை நீங்கள் படத்திலேயே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உச்சரிப்பு படுமோசம்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள்கூட. இரண்டு அடி. படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். ஜனங்கள் எழுந்தார்கள். அந்த அம்மா எழவில்லை. கையையும் விடவில்லை.

"குரல் அவளுது இல்ல. பேச்சு அவளுது" என்றார்.

என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எனக்குக் கண்ணு தெரியலம்மா. கரைக்கு வந்துட்டாளா?"

டைரக்டர், நீங்கள் டப்பாவில் போட்டு மூடியதை நானும் பார்த்திருக்கிறேன். இருந்தும், அவள் குரலில், ஒரே டேக்கில் சொன்னேன்:

"வந்துட்டேம்மா."

ருய்-யுன்